இருளைக் காணும் கண்

குறிஞ்சித் திணைக்கு உரிய சிறுபொழுது யாமம் என வகுத்தார் தொல்காப்பியர். அந்த யாமத்தில் தினைப்புனத்துப் பரணேறிக் கொள்ளியும் கவணும் கொண்டு காவலிருந்த கானவரை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்துகிறோம். அக்காவல் இன்றும் ஓயவில்லை என்பதைக் காண விரும்புவோர் கொடைக்கானல் மலைச்சரிவில் உள்ள பேத்துப்பாறைக்குச் செல்லலாம். தினைக்கு மாறாக வாழையும் காப்பியும். கொள்ளிக்கு மாறாக டார்ச் விளக்கு. யானை மட்டும் அதே யானை.

அங்கு நம்முடன் வந்திருந்த மாணவர் ஒருவர், "இருட்டில் பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் இவர்கள் அஞ்ச வேண்டியதில்லையே ஐயா?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

இரவுக்காட்சிக் கருவி என்று பொதுப்பெயரால் வழங்கினும், அடிப்படையில் வேறுபட்ட இரண்டு கருவிகள் உள. ஒன்று, இருக்கின்ற சிற்றொளியைப் பெருக்குவது. விண்மீனொளியும் நிலவொளியும் அதன் ஆடி வழியே புகுந்து ஒரு மெல்லிய படலத்தின்மீது படுகின்றன. ஒளிபட்ட இடத்தில் எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. ஐன்ஸ்டீன் 1905இல் விளக்கியதும், அவருக்கு 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசை ஈட்டித் தந்ததுமான ஒளிமின் விளைவு இதுவே. அவ்வெலக்ட்ரான்கள், தலைமயிரினும் நுண்ணிய இலட்சக்கணக்கான துளைகளையுடைய ஒரு கண்ணாடித் தகட்டினூடே பாய்கின்றன. துளைச்சுவரில் மோதுந்தோறும் ஒன்று பலவாகிப் பெருகி, முடிவில் ஓர் ஒளிர்திரையில் விழுந்து படமாகின்றன. அத்திரை பெரும்பாலும் பச்சையாக இருப்பதற்குக் காரணம், மனிதக் கண் பச்சையின் சாயல்களை நுட்பமாகப் பிரித்தறிவதேயாகும். நம் நாட்டில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மசூலிப்பட்டினத் தொழிற்சாலை இவ்வகைக் கருவிகளைச் செய்கிறது.

மற்றொன்று வெப்பத்தைக் காண்பது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கதிரவனொளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் வெப்பம் ஏறியது. கண்ணுக்குப் புலனாகாத அந்த அகச்சிவப்புக் கதிர்களை யானையும் மனிதனும் மரமும் இடையறாது வெளியிட்ட வண்ணம் உள்ளன. வெப்பக்கருவி அவ்வேறுபாட்டையே படமாக்குகிறது. எனவே அதற்கு நிலவும் வேண்டா, விண்மீனும் வேண்டா. 2024 பிப்ரவரியில் கோவை மதுக்கரையில், இருப்புப்பாதையைக் கடக்கும் யானைகளை இரயிலினின்று காக்க வனத்துறை நிறுவிய 12 கோபுரங்களிலும் இத்தகைய கேமராக்கள் பொருத்தப்பட்டன.

இனி, கையில் எடுக்குமுன் அறிய வேண்டுவன. ஒளிபெருக்கும் கருவியைப் பகலொளியிலோ டார்ச் வெளிச்சத்தின் எதிரிலோ இயக்குதல் கூடாது. உள்ளிருக்கும் படலம் கெடும். கார்மேகம் மூடிய இரவில், சோலைக்காட்டின் உள்ளே, பெருக்குவதற்கு ஒளியே இராது. அப்போது அகச்சிவப்பு விளக்கின் துணை வேண்டும். அவ்விளக்கு கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே தீங்கற்றது எனக் கருதிவிடலாகாது. கூசாத ஒளிக்குக் கண் இமைப்பதில்லை; எனவே அதனை அருகிலிருந்து உற்றுநோக்கலாகாது.

வெப்பக்கருவிக்கும் குறைகள் உள. சாதாரணக் கண்ணாடி அதற்குச் சுவர் போன்றது. ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தால் கண்ணாடிதான் தெரியும். கொடைக்கானல் மலையின் அடர்பனியும் மழையும் அதன் பார்வையைப் பெரிதும் குறைத்துவிடும். அன்றியும், பகலெல்லாம் வெயில் குடித்த பாறை முன்னிரவில் யானையைப் போலவே ஒளிரும். நண்பர் ஒருவரின் கருவியால் நோக்கிய நாமே, அவ்வூரில் ஒரு பாறையைக் கண்டு பதறிப் பின்வாங்கினோம். தோட்டக்காரப் பெரியவர் நகைத்தார். ஊர்ப்பெயரிலேயே பாறை இருந்தும் நமக்குத் தோன்றவில்லை!

இவ்விரண்டிற்கும் பொதுவானதும், யானை நடமாடும் இடத்தில் உயிருக்கே இடராவதுமான குறை ஒன்றுண்டு. கருவியின் வட்டம் குறுகியது. பலவற்றில் 40 பாகை அளவே. எதிரே நிற்கும் யானையை வியந்து நோக்குபவருக்குப் பக்கத்தில் நிற்கும் யானை தெரியாது. ஒற்றைக் கண்ணால் நோக்கும் கருவியில் தொலைவும் மயங்கும்; எண்பது அடியில் நிற்பது இருநூறு அடியில் நிற்பதாகத் தோன்றக்கூடும். கருவியை இறக்கியதும், திரையொளியில் கூசிய கண் மீண்டும் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வரை ஆகலாம். அந்த அரைமணியில் அவர் கருவி இல்லாதவரினும் குருடர். எனவே ஒருவர் கருவியில் நோக்க, மற்றொருவர் வெறுங்கண்ணோடும் திறந்த செவியோடும் அருகில் நிற்றல் வேண்டும். நிற்கும் இடமும் திரும்பி ஓடும் வழியும் பகலிலேயே பார்த்து வைக்கப்பட வேண்டும்.

கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதனுள் இசைவின்றி நுழைதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இரவில் இக்கருவியோடு காட்டோரம் அலைபவரை வேட்டையாடியென ஐயுறுதலும் இயல்பே. தோட்டத்தில் இதனைப் பயன்படுத்த விழைவோர் முன்னரே வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்துவிடுதல் நலம். அம்மாணவருக்கு நாம் கூறிய விடையும் இதுதான்: கருவி யானையைக் காட்டும், விரட்டாது. கண்டதும் வீட்டுக்குள் சென்று வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்வதற்கே அது பயன்படும்.