பிச்சாவரத்துக்குத் தண்ணி விடுறது யாரு?

வடக்குத்துல இருந்து பண்ருட்டிப் பக்கம் போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்மண்ணும் முந்திரியும்தான். அந்த முந்திரித் தோப்பெல்லாம் அரசாங்கக் கணக்கில் "காட்டுப் பரப்பு" என்று சொன்னால் எங்க ஊர்க்காரங்களே சிரிப்பாங்க. ஆனா அதுதான் நிஜம். இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கெடுக்கிறது. குறைந்தது 1 ஹெக்டேர் நிலம், அதில் 10 சதவீதமாவது மரத் தழை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. விவசாயிக்குப் போனது தோப்பு, படத்தில் குறைந்தது காடு.

காடு அழியுதுன்னு பேச்சு வந்தாலே நாம மரத்தை எண்ண ஆரம்பிச்சிடுறோம். அந்த எண்ணிக்கையில் பிடிபடாத ஒரு கதை நம்ம கடலூர் மாவட்டத்திலேயே இருக்கு: பிச்சாவரம்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் இந்த அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த தில்லை மரம் இங்கே இன்னும் இருக்கு. (அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, சுற்றுலா போறவங்க ஒடிச்சுப் பாக்காதீங்க.) வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரை இங்கே மரம் வெட்டியது திருடர்கள் இல்லை. வனத்துறையே திட்டம் போட்டு, காட்டைக் கூறு பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டியது. மேட்டு நிலக் காட்டில் இது செல்லும், வெட்டின இடம் திரும்பத் தழைக்கும். சேற்று நிலத்தில் நடந்தது வேற. மரம் போனதும் வெயில் நேரே மண்ணில் விழுந்தது, ஈரம் வற்றி மண் அமுங்கித் தொட்டி மாதிரி ஆச்சு. ஓதத்தில் கடல் தண்ணி உள்ளே வரும், வடியும்போது வெளியே போகாது. தேங்கின தண்ணி ஆவியாக ஆவியாக உப்பு ஏறும். அந்த உப்பில் கண்டல் நாற்றுகூட நிற்காது.

ஆனா பழி ரொம்ப நாள் விறகு பொறுக்கினவங்க மேலயும் மாடு மேய்ச்சவங்க மேலயும்தான் இருந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தபோதுதான் தொட்டி மண்தான் முக்கியக் காரணம் என்பது தெளிவாச்சு. காரணம் தெரிந்ததும் தீர்வு எளிதாக வந்தது: மீன்முள் வடிவ வாய்க்கால். இயற்கை ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதன் ரெண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் வந்து வந்து போகும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கரைச் சரிவில் கண்டல் நட்டார்கள், பிடித்துக்கொண்டது. வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், சுற்றுக் கிராமங்கள் மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை இது. எம்.ஜி.ஆர். நகர் இருளர்கள் போல, ஓடையில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களும் அதில் இருந்தார்கள். காட்டு நிர்வாகத்தில் கிராமத்தைச் சேர்க்கச் சொல்லும் மத்திய அரசின் சுற்றறிக்கை 1990 ஜூனில் வந்தது. ஏட்டில் இருந்த அந்த யோசனை நடந்து பார்த்த இடங்களில் பிச்சாவரமும் ஒன்று.

2004 சுனாமியில் இந்தக் காடு ஊர்களைக் காத்தது என்று நிறையப் பேர் எழுதிட்டாங்க. கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று மறுத்தவர்களும் இருக்காங்க. அந்தச் சண்டைக்குள் நான் போகலை.

எனக்கு உறுத்துறது வேற. வாய்க்கால் வெட்டினால் கடல் தண்ணிதான் வந்து போகும். அலையாத்திக்கு நல்ல தண்ணியும் வேணும். அது வடகிழக்குப் பருவமழையில் வரும், கொள்ளிடத்தில் மிச்சம் இருந்தா வரும். மேட்டூர் அணை 1934-ல் வந்தது. அதற்கு மேலே கர்நாடகத்தின் அணைகள், கீழே அணைக்கரை, அங்கிருந்து வீராணம், 2004 முதல் வீராணத்திலிருந்து சென்னை. எல்லாம் நியாயமான தேவைதான். ஆனா வரிசையில் கடைசியில் நிற்பது பிச்சாவரம். உப்பு தாங்கும் வெண்கண்டலே மிகுதியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுந்தரவனத்திலும் இதே கதைதான். 1975-ல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கிய பிறகு வறண்ட மாதங்களில் வங்கதேசப் பக்கம் போகும் நல்ல தண்ணி குறைந்து உப்பு ஏறியது. கங்கை நீருக்கு இந்தியாவும் வங்கதேசமும் 1996-ல் ஒப்பந்தம் போட்டன. சுந்தரவனப் பாதுகாப்புக்கு 2011-ல் தனியாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். தண்ணிக்கு ஒரு காகிதம், காட்டுக்கு ஒரு காகிதம்.

நம்ம காவிரியில் அப்படிக்கூட இல்லை, இருப்பது ஒரே காகிதம். நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டிஎம்சியைப் பங்கு பிரித்தது. அதில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4. நூற்றுக்கு ரெண்டுகூட இல்லை. ஆனாலும் இந்தப் பத்து சாதாரணப் பத்து இல்லை. மாத அட்டவணையில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டிஎம்சி, கூட்டினால் 10. பிச்சாவரத்தில் உப்பு ஏறத் தொடங்கும் மாதங்கள் அவை. 2018-ல் உச்ச நீதிமன்றம் பங்குகளை மாற்றியபோதும் இதைத் தொடவில்லை.

சரி, அந்தத் தண்ணி எங்கே போகுது? கணக்கு பார்ப்பது மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில். அதற்குக் கீழே மேட்டூர். பாசனத் திறப்பு ஜூன் 12-ல் தொடங்கி ஜனவரி 28-ல் முடிவது வழக்கம். பிப்ரவரியில் வரும் தண்ணி அணையில் தங்கும், குடிநீருக்குப் போகும். கொள்ளிடத்தின் கடைசிக்கு எவ்வளவு போகணும் என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

2018-ல் அமைத்த காவிரி மேலாண்மை ஆணையத்தில் 4 மாநிலங்களுக்கும் இடம் உண்டு. மத்திய நீர்வளத் துறைக்கு ஒருவர், வேளாண் துறைக்கு ஒருவர். காட்டுக்காகப் பேச ஒரு நாற்காலி போடவில்லை.