டேடு போர்க்களமும் அதன் நினைவுச் சின்னங்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மூலையில் கடலுள் நீண்டு கிடக்கும் புளோரிடா தீபகற்பத்தின் நடுப்பகுதியில், புஷ்னல் என்னும் சிற்றூரையடுத்துப் பைன் மரங்கள் செறிந்த ஒரு தோப்பு உளது. அதனூடே செல்லும் பழைய இராணுவப் பாதையின் ஒரு துண்டு இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. பாதையின் பக்கத்தே, மரக்கட்டைகளை அடுக்கி முன்னொரு நாள் அவசரத்தில் எழுப்பிய தாழ்ந்த அரணொன்றை அதன் பழைய வடிவிலேயே மீண்டும் அமைத்து வைத்திருக்கின்றனர். டேடு போர்க்களம் என்பது இதுவே. 1921-ஆம் ஆண்டில் அம்மாகாண அரசாங்கத்தார் இந்நிலத்தை நினைவிடமாகக் கொண்டனர். இங்கு நிகழ்ந்தது யாது, அதன்பொருட்டு எழுந்த சின்னங்கள் எவரை நினைவூட்டுகின்றன, எவரை விட்டுவிடுகின்றன என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

செமினோலர் என்பார் பெரும்பாலும் கிரீக் என்னும் இந்தியக் குலத்தினின்றும் பிரிந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் புளோரிடாவிற் குடியேறியோர். தோட்ட முதலாளிகளிடமிருந்து தப்பியோடி வந்த நீக்ரோ அடிமைகள் பலர் இவர்களை அடுத்து வாழ்ந்தனர்; விளைவில் ஒரு பங்கைச் செமினோலத் தலைவர்க்கு இறுத்துவிட்டுத் தம் ஊர்களில் தாமே வாழ்ந்தனர். தோட்ட முதலாளிகளுக்கு இது பெரிய உறுத்தலாயிருந்தது. 1823-இல் நிறைவேறிய மௌல்ட்ரி கிரீக் உடன்படிக்கையால் செமினோலர் தீபகற்பத்தின் உட்பகுதிக்கு ஒதுங்கினர். அதற்கு ஈடாக இருபதாண்டுக் காலம் ஆண்டுத்தொகை பெறுவதாக ஏற்பாடு. அவ்விருபதில் ஏழு கழியுமுன் 1830-இல் இந்தியரை மிசிசிபி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டம் பிறந்தது. 1832-இலும் 1833-இலும் எழுதப்பட்ட வேறு இரு பத்திரங்களைக் காட்டி, "நீங்களே இசைந்தீர்கள், புறப்படுங்கள்" என்றனர் அதிகாரிகள். அவை தம்மை வற்புறுத்தி வாங்கியவை என்றும், தம் குலத்தார் அனைவருக்காகவும் இசைவு தரத் தமக்கு அதிகாரமில்லை என்றும் தலைவர் பலர் மறுத்துரைத்தனர். இவ்வழக்கே வாளுக்கும் துப்பாக்கிக்கும் போயிற்று.

1835 டிசம்பர் 23-ஆம் நாள், இப்பொழுது தம்பா நகரம் உள்ள இடத்திலிருந்த புரூக் கோட்டையினின்று, மேஜர் பிரான்ஸிஸ் டேடு என்பவர் தலைமையில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட படையினர் வடக்கே கிங் கோட்டையை நோக்கிப் புறப்பட்டனர். தூரம் ஏறக்குறைய 100 மைல். பீரங்கி ஒன்றும் உடன் சென்றது. டிசம்பர் 28-ஆம் நாட் காலை குளிர் மிகுதியாயிருந்தமையின், வீரர்கள் தம் மேலங்கியைத் தோட்டாப்பெட்டிக்கு மேலே பொத்தானிட்டு நடந்தனர். ஆற்றுத் துறைகளாகிய அபாய இடங்கள் கழிந்தன, இனி அச்சமில்லை, கோட்டை சேர்ந்ததும் மூன்று நாள் ஓய்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடலாம் என்று டேடு அவர்களை ஊக்கினாராம். அச்சமயமே புல்லிலும் மரத்திலும் மறைந்திருந்த செமினோலர் சுடத் தொடங்கினர். தலைவர் மைக்கனோப்பியின் முதற் குண்டு டேடைக் குதிரையினின்று வீழ்த்தியது. முதற் சூட்டிலேயே படையிற் பாதி மடிந்தது. பின்னர்ச் சற்று நேரம் ஓய்வு கிடைத்தது. எஞ்சியோர் மரங்களை வெட்டி, மேற்கூறிய அரணை அமைத்தனர். அது முழங்காலளவுகூட நன்கு எழுவதற்குள் மறுபடியும் தாக்குதல் வந்தது. பிற்பகலில் எல்லாம் முடிந்தது. ரான்சம் கிளார்க் என்னும் வீரர் பல காயங்களோடு காட்டு வழியே ஊர்ந்தும் நடந்தும் புரூக் கோட்டையைச் சேர்ந்தார். ஜோசப் ஸ்பிரேக் என்பவரும் அவ்வாறே பிழைத்தார். அன்றே கிங் கோட்டையில் ஆசியோலா என்னும் வீரர், செமினோலரை அகற்றும் பணியிலிருந்த ஏஜெண்டைச் சுட்டுக் கொன்றார்.

இறந்தோர் உடல்கள் ஏழு வாரத்திற்கு மேல் வெளியிலே கிடந்தன. 1836 பிப்ரவரி 20-இல் ஜெனரல் கெய்ன்ஸ் படையோடு வந்து அவற்றைப் புதைத்தார். அப்படையில் இருந்த ஈதன் ஆலன் ஹிட்ச்காக் என்னும் அதிகாரி தாம் கண்ட காட்சியை எழுதி வைத்தார். வரிசை பிறழாமல், வீழ்ந்த இடத்திலேயே வீரர்கள் கிடந்தனராம். இவ்வதிகாரியே பிற்காலத்தில் தம் நாட்குறிப்பில், இப்போரில் தவறு அரசாங்கத்தினுடையதே என்றும், இந்தியர் தம் நாட்டைக் காத்து நின்றனர் என்றும் எழுதினார். தோழரைத் தம் கண்முன்னே புதைக்கக் கண்டவர் இதனை எழுதினார் என்பது நாம் கருதத்தக்கது.

நிற்க. போர் 1842 வரை நீடித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு, கீழ்க்கரையிலுள்ள செயின்ட் அகஸ்டின் நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே கிளிஞ்சல் இறுகிக் கல்லான கொக்கினா என்னும் பாறையால் கட்டிய மூன்று பிரமிடுகளின்கீழ், அப்போரில் இறந்த பிற வீரர்களோடு அவை வைக்கப்பட்டுள்ளன. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் 1845-இல் பளிங்கு நினைவுத் தூணொன்று எழுந்தது. இவ்விரண்டும் வெள்ளையரின் படைக்காகவே எழுந்தவை. நெடுங்காலம் இந்நிகழ்ச்சிக்கு 'டேடு படுகொலை' என்றே பெயர். ஆயுதந்தாங்கிய படை ஒன்று மற்றொன்றால் வெல்லப்பட்டதைப் படுகொலை என்பது தோற்றவர் வழக்கேயன்றி வேறென்ன? இப்பொழுது அந்நிலத்தின் பெயரில் 'போர்க்களம்' என்ற சொல்லே நிற்கின்றது. இம்மாற்றம் நேர்மையானதென்றே நாம் எண்ணுகின்றோம். நாட்டுப்படத்தை விரித்தால் வேறொரு விந்தையும் புலப்படும்: மயாமி-டேடு என்னும் ஜில்லாவும் புளோரிடாவில் உண்டு, மைக்கனோப்பி என்னும் ஊரும் ஆசியோலா என்னும் ஜில்லாவும் அங்கேயே உண்டு. அந்த ஆசியோலாவையோ, 1837-இல் வெண்கொடியின்கீழ்ப் பேச வந்த இடத்திற் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு ஜனவரியில் அவர் சிறையிலேயே இறந்தார். செமினோலருட் பெரும்பாலோர் மேற்கே அனுப்பப்பட்டனர். சில நூற்றுவர் சதுப்புக் காடுகளுள் ஒதுங்கி, 1855 முதல் 1858 வரை நடந்த மூன்றாம் போரையும் தாங்கி நிலைத்தனர். அவர்கள் வழியினர் இன்றும் புளோரிடாவில் வாழ்கின்றனர்.

டேடின் படைக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்ற லூயி பச்சேக்கோ என்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும். இவர் எழுதப் படிக்கக் கற்ற, பல மொழிகள் பேசவல்ல நீக்ரோ அடிமை. உடையவரிடமிருந்து இராணுவத்தார் கூலிக்கு அமர்த்தினர். அன்று உயிர் தப்பிச் செமினோலரிடையே வாழ்ந்த இவரையும் அவர்களோடு 1838-இல் இராணுவத்தார் மேற்கே அனுப்பிவிட்டனர். இவரே படையைக் காட்டிக்கொடுத்தார் என்று பலர் எழுதினர். உடையவரின் வாரிசுகளோ இழந்த அடிமைக்கு விலை கோரினர். 1848-49-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இதன்மேல் பெரும் வாதம் எழுந்தது. மனிதன் உடைமையாகான், ஆதலின் விலைக்கு இடமில்லை என்று ஒஹாயோ உறுப்பினர் ஜோஷுவா கிடிங்ஸ் எதிர்த்துப் பேசினார். அடிமைமுறை ஒழிந்து பல ஆண்டுகளுக்குப்பின், 1892-இல், பச்சேக்கோ முதியவராய்ப் புளோரிடாவுக்குத் திரும்பினார். முன்னே சென்று வழி பார்க்கும்படி தம்மை அனுப்பினரென்றும், அப்பொழுது செமினோலர் கையிற் சிக்கினாரேயன்றித் துரோகம் செய்யவில்லை என்றும் அவர் தம் வாயாற் கூறினார். 1895-இல் அவர் இறந்தார்.