நெருப்பெறும்பு: கொட்டினால் என்ன செய்வது, புற்றை எப்படி ஒழிப்பது

டெக்சாஸ், அலபாமா, ஃப்ளோரிடா பக்கம் புல்வெளியோடு வீடு எடுத்துக் குடிபோகிற நம் ஆட்களுக்கு முதல் கோடையிலேயே அறிமுகமாகிவிடும் ஜீவன் இந்தச் சிவப்பு நெருப்பெறும்பு. அறிவியல் பெயர் சொலெனாப்சிஸ் இன்விக்டா. 'இன்விக்டா' என்றால் லத்தீனில் 'வெல்லப்படாதது'. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது 1930களில் கப்பல் சரக்கோடு அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் வந்து இறங்கியது. இன்று அமெரிக்காவின் தென் மாநிலங்கள் முழுக்க இதன் ராஜ்ஜியம்தான்.

இதற்கான கைவைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் தோற்கின்றன: மேலே தெரிவதற்கு மருந்து போடுகிறோம், பிரச்சினை உள்ளே இருக்கிறது. தோலுக்கும் இதே கதை, புற்றுக்கும் இதே கதை.

கொட்டினால்

"எறும்பு கடிச்சிருச்சு" என்றுதான் சொல்கிறோம். உண்மையில் இது தாடையால் தோலைக் கவ்வுவது பிடிமானத்துக்கு மட்டும். விஷம் வருவது பின்பக்கக் கொடுக்கிலிருந்து. கவ்விய இடத்தை விடாமல் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பல முறை கொட்டும். அதனால்தான் சில சமயம் கொப்புளங்கள் வட்டமாக வருகின்றன.

எறும்பு விஷம் என்றால் ஃபார்மிக் அமிலம், அதற்குச் சோடா உப்பு தடவ வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். மாமரத்து முசுறு கடித்த இடத்தில் பீய்ச்சுவது அந்த அமிலம்தான். நெருப்பெறும்பின் விஷத்தில் அது கிடையாது. சுமார் 95 சதவீதம் ஆல்கலாய்டுகள், கொஞ்சூண்டு புரதம். எரிச்சலுக்கும் கொப்புளத்துக்கும் ஆல்கலாய்டு காரணம். ஆபத்தான அலர்ஜிக்குப் புரதம் காரணம். ஆகவே சோடா உப்பு, வினிகர், சுண்ணாம்பு, ப்ளீச் எதுவும் தோலுக்குள் இறங்கிவிட்ட விஷத்தை முறிக்காது. சுண்ணாம்பும் ப்ளீச்சும் தோலைப் புண்ணாக்குவதுதான் மிச்சம்.

சரி, என்ன செய்யலாம்?

- உடனே அந்த இடத்தைவிட்டு நகருங்கள். எறும்புகளைக் கையாலோ துணியாலோ வேகமாகத் தேய்த்துத் தள்ளுங்கள். கவ்விக்கொண்டிருப்பதால் உதறினாலோ தண்ணீர் ஊற்றினாலோ லேசில் விழாது.
- சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வையுங்கள்.
- அரிப்புக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு அல்லது அலர்ஜி மாத்திரை போதும்.
- ஒரு நாளில் சீழ் கட்டியதுபோல வெள்ளைக் கொப்புளம் வரும். அதில் கிருமி இல்லை. விஷத்தால் செத்த திசுதான். கிள்ளி உடைத்தால்தான் கிருமி புகும். விட்டுவிட்டால் தானே ஆறும்.

மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குவது, கொட்டாத இடத்திலும் தடிப்பு, தலைசுற்றல், மயக்கம்: இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் கைவைத்தியம் வேண்டாம். 911ஐ அழையுங்கள். எபிநெஃப்ரின் ஊசி கையில் இருந்தால் உடனே போடுங்கள். இதற்கு முன் ஒருமுறை கொட்டி ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இப்போதும் ஆகாது என்று இருந்துவிடக் கூடாது.

புற்றை ஒழிக்க

மண்மேட்டின் உச்சியில் வாசல் இருக்காது. பக்கவாட்டுச் சுரங்கங்கள் வழியாகத்தான் போக்குவரத்து. ஒரு பெரிய கூட்டத்தில் இரண்டு லட்சம் எறும்புகள்கூட இருக்கும். ராணி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். அது உயிரோடு இருக்கிற வரை, மேலே செத்த ஆயிரம் எறும்பும் ஒரு கணக்கே இல்லை.

சோள ரவையைத் தூவினால் தின்று, வயிறு வீங்கி வெடித்துச் செத்துவிடும் என்பது பிரபலமான கதை. வேலைக்கார எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது, திரவம் மட்டும்தான் உள்ளே போகும். பெட்ரோல் ஊற்றுவது தீ ஆபத்து. நிலத்தடி நீரும் கெடும். கைவைத்தியங்களில் ஓரளவு பலிப்பது கொதிநீர்தான். ஒரு புற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஊற்றினால் பாதிக்குச் சற்று மேல் வெற்றி. ஆனால் புல் வெந்துவிடும், உங்கள் காலும் வேகலாம்.

திடப்பொருளை விழுங்க முடியாத அந்தக் குணத்தை வைத்துத்தான் தூண்டில் இரை தயாரிக்கிறார்கள். சோளக் குருணையில் சோயா எண்ணெயை ஊற வைத்து, மெதுவாக வேலை செய்யும் மருந்தை அதில் கலக்கிறார்கள். எறும்பு அதைத் தூக்கிப்போய், எண்ணெயை உறிஞ்சி, வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும். கைமாறிக் கைமாறி மருந்து ராணிவரை போகும். உடனே கொல்லும் மருந்தாக இருந்தால் தூக்கிய எறும்பு வழியிலேயே செத்துவிடும். அதனால் பலன் தெரிய, மருந்தைப் பொறுத்து, ஒன்றிரண்டு வாரம் முதல் சில மாதங்கள் ஆகும்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் பரிந்துரைக்கும் இரண்டு படி முறை இதுதான்: வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தோட்டம் முழுக்க இரையைத் தூவ வேண்டும், சில நாள் கழித்தும் தொல்லை தருகிற புற்றுக்கு மட்டும் தனியாக மருந்து போட வேண்டும். புல் காய்ந்திருக்க வேண்டும், அடுத்த நாள்வரை மழை வரக்கூடாது. எறும்பு இரை தேடுகிறதா என்று பார்க்க, ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸைத் தரையில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் மொய்த்தால் அதுதான் சமயம். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் பழைய பாக்கெட்டை எறும்பு தொடாது.

ஒன்றிரண்டு புற்றுதான் என்றால் தோட்டம் முழுக்க மருந்து வேண்டாம். 1957இல் அமெரிக்க அரசு ஹெப்டாக்ளோர், டையெல்ட்ரின் போன்ற மருந்துகளை லட்சக்கணக்கான ஏக்கரில் தூவ ஆரம்பித்தது. பறவைகளும் விலங்குகளும் செத்தன. ரேச்சல் கார்சன் 1962இல் தன் 'சைலண்ட் ஸ்பிரிங்' நூலில் இதைக் கடுமையாக விமர்சித்தார். நெருப்பெறும்போ இன்னும் இருக்கிறது. உள்ளூர் எறும்புகள்தான் அதற்குப் போட்டி. அவற்றையும் சேர்த்துக் கொன்றால் காலி இடத்தை முதலில் பிடிப்பது நெருப்பெறும்பாகத்தான் இருக்கும்.

புது ராணிகள் பறந்து வரும், வேலி அதற்குத் தடையில்லை. அதனால் பக்கத்து வீட்டாரிடம் பேசி, எல்லோரும் ஒரே வாரத்தில் இரை தூவினால் பலன் நீடிக்கும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். தூவி முடிக்கிறவரை குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.