விமான நிறுவனங்கள் இணைந்தால் பயணிகளின் புள்ளிகள் என்னாகும்? புதிய சலுகைத் திட்டத்தைத் தேர்வு செய்வது எப்படி?

புதுதில்லி: விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டதைத் தொடர்ந்து, அதன் 'கிளப் விஸ்தாரா' திட்டத்தில் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருந்த பயணிகள் வேறொரு திட்டத்தின் உறுப்பினர்களாக மாறியுள்ளனர். புள்ளிகள் கைமாறின, ஆனால், அவற்றைச் சேர்க்கத் தூண்டிய சலுகைகள் அனைத்தும் உடன் வரவில்லை. இந்நிலையில், புதிய திட்டத்திலேயே தொடர்வதா, வேறு திட்டத்துக்கு மாறுவதா, எதையும் பொருட்படுத்தாமல் குறைந்த கட்டணத்தில் பயணம் செய்வதா என்ற கேள்வி எழுந்துள்ளது. இதற்கு விடை காண உதவும் தகவல்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

என்ன நடந்தது?

டாடா சன்ஸ் 51 சதவீதமும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 49 சதவீதமும் பங்கு வைத்திருந்த கூட்டு நிறுவனமான விஸ்தாரா, 2015 ஜனவரி 9-இல் சேவையைத் தொடங்கியது. மத்திய அரசின் வசமிருந்த ஏர் இந்தியா 2022 ஜனவரி 27-இல் டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இரு நிறுவனங்களையும் இணைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. இந்திய போட்டி ஆணையம் உள்ளிட்ட அமைப்புகளின் ஒப்புதல்களுக்குப் பின், 2024 நவம்பர் 12-இல் இணைப்பு நடைமுறைக்கு வந்தது. இணைந்த நிறுவனத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பங்கு 25.1 சதவீதம் ஆகும்.

இணைப்புடன் ஏர் இந்தியாவின் பழைய 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' திட்டம் 'மகாராஜா கிளப்' எனப் பெயர் மாற்றப்பட்டது. கிளப் விஸ்தாரா உறுப்பினர்களின் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அங்கு மாற்றப்பட்டன. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என அவர்கள் பெற்றிருந்த படிநிலைகளுக்கு ஈடான படிநிலைகளும் வழங்கப்பட்டன.

எண்ணிக்கை குறையவில்லை, குறைந்தது எது?

ஒன்றுக்கு ஒன்று என்பதால் எதையும் இழக்கவில்லை என்று கருதுவது இயல்பு. ஆனால், புள்ளிகளின் எண்ணிக்கை வேறு, அவற்றின் வாங்கும் திறன் வேறு. ஒரு பயணச்சீட்டுக்கு எத்தனை புள்ளிகள் தேவை என்பதை நிர்ணயிப்பது திட்டத்தை நடத்தும் நிறுவனமே. வங்கிச் சேமிப்பைப் போல இதற்கு வட்டியும் இல்லை, வைப்புத்தொகைக் காப்பீடும் இல்லை.

கடன் அட்டைகள் வழியாகவும் இழப்பு ஏற்பட்டது. ஆண்டுக்குக் குறிப்பிட்ட தொகையைச் செலவிட்டால் இலவசப் பயணச்சீட்டு என்பதே விஸ்தாராவின் பெயர் தாங்கிய அட்டைகளின் முக்கிய ஈர்ப்பாக இருந்தது. இத்தகைய இலக்குச் சலுகைகளை ஆக்சிஸ் வங்கி, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கி ஆகியவை 2025-ஆம் ஆண்டில் விலக்கிக்கொண்டன.

மூன்றாவது இழப்பு, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. ஜெட் ஏர்வேஸ் 2019-இல் முடங்கிய பின், உள்நாட்டில் முழுச் சேவை வழங்கிய பெரிய நிறுவனங்கள் ஏர் இந்தியாவும் விஸ்தாராவும் மட்டுமே. இவை இணைந்துவிட்டதால், ஒரு நிறுவனத்தின் சலுகை போதவில்லை என்றால் மற்றொன்றுக்குச் செல்லலாம் என்ற பயணியின் பேரம் பேசும் வலிமை குறைந்துள்ளது.

அதேவேளையில், விஸ்தாரா எந்தச் சர்வதேசக் கூட்டணியிலும் இடம்பெற்றிருக்கவில்லை. ஏர் இந்தியாவோ 2014 ஜூலை முதல் 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டணியின் உறுப்பினராக உள்ளது. எனவே, வெளிநாடுகளுக்கு அடிக்கடி செல்வோருக்கு இந்த இணைப்பால் புதிய வாய்ப்புகளும் கிடைத்துள்ளன. இழப்பும் ஆதாயமும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

ஒரு புள்ளியின் மதிப்பு எவ்வளவு?

எந்தத் திட்டத்தையும் மதிப்பிட எளிய கணக்கு ஒன்று போதும். பணம் கொடுத்து வாங்கினால் பயணச்சீட்டின் விலை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதே சீட்டைப் புள்ளிகளில் பெறும்போது ரொக்கமாகச் செலுத்த வேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். மீதியைத் தேவைப்படும் புள்ளிகளால் வகுத்தால், ஒரு புள்ளியின் மதிப்பு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு சீட்டின் விலை ரூ.6,500 என்று கொள்வோம். அதையே புள்ளிகளில் பெற 9,000 புள்ளிகளும், வரி முதலியவற்றுக்கு ரூ.1,100-ம் தேவை எனில், ரூ.5,400-ஐ 9,000-ஆல் வகுக்க, ஒரு புள்ளியின் மதிப்பு 60 பைசா. கணக்கில் 40,000 புள்ளிகள் இருந்தால் அதன் மதிப்பு ரூ.24,000.

இப்போது அதே சீட்டுக்கு 12,000 புள்ளிகள் கேட்கப்படுவதாகக் கொண்டால், ஒரு புள்ளியின் மதிப்பு 45 பைசாவாகக் குறையும். 40,000 புள்ளிகளின் மதிப்பு ரூ.18,000 ஆகிவிடும். கணக்கிலிருந்து ஒரு புள்ளியும் கழிக்கப்படாமலேயே ரூ.6,000 கரைந்துவிடுகிறது.

ஒரே ஒரு வழித்தடத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. உண்மையில் செல்லவிருக்கும் மூன்று அல்லது நான்கு பயணங்களை, பண்டிகைக்கால நாள் ஒன்றையும் சேர்த்து, இவ்வாறு கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. விடுமுறை நாட்களில் புள்ளிகளுக்கு இருக்கை கிடைக்கிறதா என்பதே பல குடும்பங்களுக்கு முக்கியமான கேள்வி.

மூன்று வழிகள்

முதல் வழி, மகாராஜா கிளப்பிலேயே தொடர்வது. புள்ளிகள் ஏற்கெனவே அங்கு இருப்பது, பெற்ற படிநிலையைப் பயன்படுத்த முடிவது ஆகியவை இதன் சாதகங்கள். 2024 ஏப்ரலில் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, பறந்த தூரத்துக்குப் பதிலாகச் செலவிட்ட தொகையின் அடிப்படையில் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. ஆகவே, அதிகக் கட்டணம் செலுத்துவோருக்கு இது கூடுதலாகப் பயன்படும். மலிவு விலைச் சீட்டில் நீண்ட தூரம் பறப்போருக்குப் பயன் குறைவு.

இரண்டாவது வழி, இண்டிகோவின் 'புளூசிப்' திட்டம். 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் மூன்று படிநிலைகள் உள்ளன. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோரை ஏற்றிச் செல்லும் நிறுவனம் என்பதால், சிறு நகரங்களுக்கிடையே பயணிப்போருக்கு நடைமுறையில் இதுவே கைக்கெட்டும் திட்டமாக இருக்கக்கூடும். ஆனால், இண்டிகோ எந்தச் சர்வதேசக் கூட்டணியிலும் சேரவில்லை.

மூன்றாவது வழி, பலரும் அறியாதது. ஏர் இந்தியாவில் பறப்பவர் அதன் திட்டத்தில்தான் புள்ளி சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ள வேறொரு நிறுவனத்தின் உறுப்பினர் எண்ணை முன்பதிவின்போது அளித்தால், அந்தத் திட்டத்தில் மைல்கள் சேரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃப்ளையர்', யுனைடெட் நிறுவனத்தின் 'மைலேஜ்பிளஸ்', ஏர் கனடாவின் 'ஏரோபிளான்' ஆகியவை இவ்வகையில் சேரும்.

இவற்றின் விதிகள் வெவ்வேறானவை. கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். மைலேஜ்பிளஸ் மைல்களுக்குக் காலாவதி இல்லை. சென்னை உள்ளிட்ட நகரங்களிலிருந்து சிங்கப்பூருக்கும், அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாவுக்கும் செல்வோருக்கு கிரிஸ்ஃப்ளையர் பொருத்தமாக இருக்கலாம். அமெரிக்காவில் பிள்ளைகள் வசிக்க, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் சென்றுவரும் பெற்றோருக்குக் காலாவதி இல்லாத திட்டமே பாதுகாப்பானது.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. கூட்டணி நிறுவனங்களின் திட்டங்களில் மைல்கள் பெரும்பாலும் சீட்டின் முன்பதிவு வகுப்பைப் பொறுத்தே வழங்கப்படும். மிக மலிவான வகுப்புகளுக்கு மிகக் குறைவாகவே கிடைக்கும். சிலவற்றுக்கு எதுவும் கிடைக்காது. சீட்டில் உள்ள ஓர் எழுத்து வகுப்புக் குறியீட்டை, அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலுடன் முன்கூட்டியே ஒப்பிட வேண்டும். மேலும், ஒரு பயணத்துக்கு ஒரு திட்டத்தில் மட்டுமே மைல்களைப் பெற முடியும்.

படிநிலை தேவையா?

புள்ளியும் படிநிலையும் ஒன்றல்ல. புள்ளி, சீட்டு வாங்கப் பயன்படுவது. படிநிலையோ முன்னுரிமைப் பதிவு, கூடுதல் சுமை, லவுஞ்ச் எனப்படும் ஓய்வறை வசதி ஆகியவற்றைத் தருவது. ஸ்டார் அலையன்ஸின் தங்கப் படிநிலை பெற்றவருக்குக் கூட்டணியின் எந்த நிறுவனத்தில் பறந்தாலும் இவ்வசதிகளில் பெரும்பாலானவை கிடைக்கும். கிரிஸ்ஃப்ளையர் வழியாக அதனை எட்ட 12 மாதங்களில் 50,000 தகுதி மைல்கள் தேவை. ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை உள்நாட்டில் பறப்பவர் இதை நினைத்துத் திட்டமிடுவதில் பொருளில்லை.

இணைப்பின்போது ஈடாக வழங்கப்பட்ட படிநிலையும் நிரந்தரமானதன்று. அடுத்த ஆண்டுக்கான தகுதியைப் புதிய விதிகளின்படியே ஈட்ட வேண்டும். அதைத் தக்கவைக்க இன்னும் எத்தனை பயணங்கள், எவ்வளவு செலவு தேவை என்பதை முதலில் கணக்கிட்டு, இயல்பாகவே அது நிறைவேறும் என்றால் மட்டும் தொடரலாம். வேறு நிறுவனத்தில் பெற்ற படிநிலையைக் காட்டி, ஈடான படிநிலை கேட்கும் வாய்ப்பைச் சில திட்டங்கள் அவ்வப்போது அறிவிக்கின்றன. பழைய படிநிலை காலாவதியாவதற்குள் மட்டுமே இதற்கு விண்ணப்பிக்க முடியும்.

விசுவாசத்தின் விலை

ஒரு திட்டத்துக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்துவது பலரும் கவனிக்கத் தவறும் செலவு. ஆண்டில் அடிப்படைக் கட்டணமாக ரூ.1 லட்சம் செலவிடும் ஒருவருக்கு, ரூ.100-க்கு 6 புள்ளிகள் கிடைப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 6,000 புள்ளிகள். புள்ளிக்கு 60 பைசா எனில் அதன் மதிப்பு ரூ.3,600. புள்ளிக்காகவே அதே நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு 12 பயணங்களில் ஒவ்வொரு முறையும் ரூ.800 கூடுதலாகச் செலுத்தினால் செலவு ரூ.9,600. ரூ.3,600 பெறுவதற்காக ரூ.9,600 கொடுத்ததாகவே இது முடியும்.

நிறுவனத்தின் செலவில் பறப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். சீட்டுக்குப் பணம் கொடுப்பது நிறுவனம், புள்ளி பெறுவது பயணி என்பதால் அவருக்குத் திட்டம் எப்போதும் ஆதாயமே. சொந்தப் பணத்தில் பறப்பவர்கள் அவரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

பழைய புள்ளிகளை என்ன செய்வது?

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் சேவையை நிறுத்தியபோது, அதன் 'ஜெட்பிரிவிலேஜ்' திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் புள்ளிகள் தப்பின. 'இன்டர்மைல்ஸ்' என்ற புதிய பெயரில் அத்திட்டம் தொடர்ந்தது. 2012-இல் கிங்ஃபிஷர் முடங்கியபோது, அதன் 'கிங் கிளப்' உறுப்பினர்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. சேர்த்த மைல்களைக் கொண்டு பறக்க விமானமே இல்லாமல் போனது.

ஆகவே, புள்ளிகளை நீண்ட காலம் தேக்கி வைப்பதைத் தவிர்ப்பதே பொதுவான விதி. மாற்றப்பட்ட புள்ளிகளின் காலாவதித் தேதியை உறுப்பினர் கணக்கில் பார்த்து, அருகிலுள்ள தேதியைக் கொண்டவற்றை முதலில் பயன்படுத்த வேண்டும். நல்ல மதிப்பு கிடைக்கும் பயணம் ஒன்று திட்டத்தில் இருந்தால், அதற்கே செலவிட்டுவிடலாம். பொருள்கள், பரிசு அட்டைகள் ஆகியவற்றுக்கு மாற்றும் முன் மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். பெரும்பாலும் இவற்றில் மதிப்பு குறைவாகவே இருக்கும்.

இனி அட்டை வாங்குவோர், ஒரே விமான நிறுவனத்துக்கு உரிய அட்டையைவிடப் பல திட்டங்களுக்குப் புள்ளிகளை மாற்றிக்கொள்ள இடமளிக்கும் அட்டையைப் பரிசீலிக்கலாம். பயணம் முடிவாகும் வரை புள்ளிகள் வங்கியிலேயே இருப்பதால், ஒரு விமான நிறுவனம் விதிகளை மாற்றினாலும் வேறொன்றுக்குத் திரும்ப முடியும். ஆனால், ஒருமுறை மாற்றிய புள்ளிகளை வங்கிக்குத் திருப்பிக் கொண்டுவர இயலாது.

புகார் இருந்தால் எங்கு செல்வது?

புள்ளிகள் விடுபட்டிருந்தால் முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கோர வேண்டும். பழைய உறுப்பினர் எண், இணைப்புக்கு முந்தைய கணக்கு விவரம், பயணச்சீட்டு, போர்டிங் பாஸ் ஆகியவற்றின் நகல்கள் இதற்குத் தேவைப்படும். தீர்வு கிடைக்காவிடில், சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' தளத்திலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் அளிக்கலாம்.

சலுகைகளை மாற்றும் உரிமையைப் பெரும்பாலான திட்டங்கள் தங்கள் விதிமுறைகளிலேயே நிறுவனத்துக்கு அளித்துள்ளன. எனினும், நுகர்வோர் உரிமைகளைக் கணிசமாகப் பாதிக்கும் நியாயமற்ற ஒப்பந்தங்கள் குறித்து 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தனியாக வரையறுத்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவெடுக்கும் முன், வரும் 12 மாதங்களில் எந்த ஊர்களுக்கு, எத்தனை முறை, யாருடைய செலவில் பயணம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. அந்த வழித்தடங்களில் பறக்கும் நிறுவனம் எதுவோ, அதில் பயன்படும் திட்டமே பொருத்தமானது. பயணங்கள் மூன்று, நான்கைத் தாண்டாது எனில், எந்தத் திட்டத்தையும் பின்தொடராமல் குறைந்த கட்டணச் சீட்டை வாங்குவதே லாபம். உறுப்பினராகச் சேருவதற்குக் கட்டணம் இல்லாததால், கிடைக்கும் புள்ளிகளைப் பெற்றுக்கொள்ளலாம். அவற்றுக்காகப் பயணத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.