நைரோபியிலிருந்து லோக்கிச்சோகியோ: எத்தனை மணி நேரம்?



நோயாளிகளின் கட்டிலருகே பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அவர்கள் கேட்டதில்லை. எப்போது வருவார் என்றுதான் கேட்பார்கள். தூரம் வேறு, நேரம் வேறு. கென்யா நாட்டு விமான நிலையங்கள் இரண்டைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

தலைநகர் நைரோபியில் வில்சன் விமான நிலையம் இருக்கிறது. 1957-இல் மைக்கேல் உட், ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, டாம் ரீஸ் என்ற மூன்று அறுவை மருத்துவர்கள் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவைக்கு இதுவே தளம். நாட்டின் வடமேற்கு மூலையில், இன்றைய தென் சூடான் எல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், லோக்கிச்சோகியோ இருக்கிறது.

இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 670 கிலோமீட்டர். கிட்டாலே, லோட்வார் ஊர்கள் வழியாகச் செல்லும் சாலையோ 900 கிலோமீட்டரை நெருங்கும். மழைக்காலத்தில் வறண்ட ஆறுகளில் திடீரென வெள்ளம் வந்து வழியை மறித்துவிடும்.

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒற்றை எஞ்சின் கேரவன் விமானம் இந்தத் தூரத்தைக் கடக்க இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும். ஓடுதளத்துக்குச் செல்லவும், உயரே ஏறவும், இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் இரண்டரை மணி. இரட்டை எஞ்சின் கிங் ஏர் விமானம் ஏறத்தாழ ஒன்றரை மணியில் போய்விடும். எதிர்காற்று வீசினால் இந்தக் கணக்கு நீளும். மேலும், வில்சன் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. வெயிலும் ஏறிவிட்டால் விமானம் நீண்ட தூரம் ஓடித்தான் மேலெழும்ப முடியும். சில வேளைகளில் சுமையையும் குறைக்க வேண்டும்.

இன்னொரு தடை இருட்டு. நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். நான்கு மணிக்கு நைரோபியை விட்ட கேரவன் லோக்கிச்சோகியோவை அடையும்போது அந்தி சாயும். அதற்கு அப்பால், விளக்கில்லாத மண் ஓடுதளத்தருகே காத்திருப்பவர் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சூடான் உள்நாட்டுப் போரின்போது குண்டடிபட்டவர்களுக்கு இந்தக் கணக்கே உயிர்ப் பிரச்சினையாயிற்று. செஞ்சிலுவைச் சங்கம் 1987-இல் லோக்கிச்சோகியோவிலேயே லோப்பிடிங் மருத்துவமனையைத் திறந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்டவர்களுக்கு அங்கேயே அறுவை சிகிச்சை கிடைத்தது. நைரோபிவரை இன்னொரு 670 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கவில்லை. 2005-இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. மறு ஆண்டு மருத்துவமனை கென்ய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

வரைபடத்தில் அந்த 670 கிலோமீட்டர் ஒரு சாண்கூடக் குறையவில்லை. ஆனால் அறுவை மருத்துவரின் மேசை எல்லைக்கு அருகே வந்ததால், காயப்பட்டவர் காத்திருக்கும் நேரம் குறைந்தது.