கல்லில் திருத்தம், கைப்பேசியில் திருத்தம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஊர்ச்சபையார் குடவோலை விதிகளைக் கி.பி. 919இல் வகுத்தனர், 921இல் திருத்தினர். பழையதை அழிக்கவில்லை. இரண்டும் தத்தம் ஆட்சியாண்டுடன் இன்றும் உள்ளன. (கல்லை அழிப்பது எளிதா என்ன!)

நாட்குறிப்புச் செயலியிலும் இதே பிரச்சினைதான். நீங்கள் கைப்பேசியில் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் செயலி ஓர் அடையாள எண்ணையும் நேரத்தையும் இடுகிறது. இணையம் கிடைத்ததும் குறிப்பு சர்வருக்குச் சென்று, அங்கிருந்து டேப்லெட்டுக்கும் கணிப்பொறிக்கும் இறங்குகிறது.

இணையம் கிடைக்காத பேருந்தில் கைப்பேசியில் ஒரு வரி சேர்க்கிறீர்கள். அதே குறிப்பை வீட்டில் தம்பி டேப்லெட்டில் திருத்துகிறான். எது நிற்கும்? சில செயலிகளில் பிந்திய நேரம் உடையதே நிற்கும், மற்றது போய்விடும். ஒரு கருவியின் கடிகாரம் தவறாக ஓடினால் பழையதே புதியதாகிவிடும்! வேறு சில செயலிகள் இரண்டையும் வைத்துக்கொண்டு உங்களையே கேட்கும். அது உத்திரமேரூர் வழி.

அழித்தாலோ, அந்த அழிப்பும் எல்லாக் கருவிகளுக்கும் பரவும். மூன்று கருவிகளில் தெரிவதால் மூன்று பிரதிகள் ஆகா. என் நான்கு மாத மழைக்குறிப்புகள் இப்படித்தான் மறைந்தன. இப்போது மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து, அதைக் கழற்றி மேசை அறையில் வைத்துவிடுகிறேன்.