வென்ற ஆட்டம் கைநழுவும் இடம்

ஓசூர் சாலையை ஒட்டிய ஹெப்பகோடியில் எங்கள் கிளைக்கு வரும் தமிழ்ப் பெற்றோருள் சிலர், கணக்கு வேலை முடிந்ததும் பிள்ளைகளின் சதுரங்கப் போட்டிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். அப்பேச்சில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு: “மகளிடம் ஒரு காய் கூடுதலாகவே இருந்தது. ஆயினும் ஆட்டம் சமனில் முடிந்துவிட்டதே, ஏன்?”

இது சிறுமியருக்கு மட்டும் நேர்வதன்று. 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பட்டுமி நகரில் நடைபெற்ற மகளிர் உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் இரு இந்தியர்கள் மோதினர். ஒருவர் 19 வயதான நாகபுரியின் திவ்யா தேஷ்முக். மற்றவர் 38 வயதான கோனேரு ஹம்பி, 2019, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக ரேபிட் பட்டம் வென்றவர். முதல் பரிசு 50,000 டாலர். இரண்டாம் பரிசு 35,000 டாலர். அதுவரை கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறாத திவ்யாவுக்குப் பணத்தைவிடப் பெரிதொன்றும் காத்திருந்தது: வென்றால் அப்பட்டம் நேரடியாகவே கிட்டும்.

நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டும் சமன். முதல் ரேபிட் ஆட்டமும் சமன். ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 வினாடி கூடுதல் என்ற கணக்கில் நடந்த இரண்டாம் ரேபிட் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய திவ்யா வென்றார். ஹம்பி, ஹரிகா, வைஷாலி ஆகியோருக்குப் பின் கிராண்ட்மாஸ்டரான நான்காவது இந்தியப் பெண்மணி ஆனார். ஆனால் அந்த வெற்றி நேர்க்கோட்டில் வந்ததன்று. எளிதாக வென்றிருக்க வேண்டிய இறுதியாட்டத்தை இடையில் தாமே குழப்பிவிட்டதாகவும், இறுதியாட்டங்களை இன்னும் கற்க வேண்டியிருப்பதாகவும் கோப்பையை வென்றபின் திவ்யாவே கூறினார். வென்றவர் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அதற்கு எடை அதிகம்.

ஆட்டத்தின் இப்பகுதியில் என்ன நிகழ்கிறது? காய்கள் குறைந்துவிடுவதால் எளிமை வந்துவிட்டதுபோல் ஒரு தோற்றம். உண்மையில் இங்குதான் ஒவ்வொரு நகர்த்தலின் விலையும் ஏறுகிறது. நடு ஆட்டத்தில் ஒரு தவறான நகர்வைப் பின்னர் ஈடுகட்டலாம். இங்கே ராஜா ஒரு கட்டம் விலகி நின்றாலும் வெற்றி சமனாகிவிடும். அந்நேரத்தில் கடிகாரத்தில் மிஞ்சியிருப்பதோ பெரும்பாலும் அந்தப் பத்து வினாடி மட்டுமே. அதற்குள் புதிதாகக் கணக்கிட இயலாது. முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அறியாமையின் விலைக்குச் சதுரங்க உலகம் இன்றும் நினைவுகூரும் சான்று 2013 மே மாதத்தில், ஜெனீவாவின் மகளிர் கிராண்ட் பிரி போட்டியில் கிடைத்தது. அப்போதைய மகளிர் உலகச் சாம்பியன், உக்ரைனின் அன்னா உஷெனினா. எதிரே ரஷ்யாவின் ஓல்கா கிர்யா. ராஜா, மந்திரி, குதிரை ஆகிய மூன்றும் உஷெனினாவிடம்; கிர்யாவிடமோ தனி ராஜா மட்டும். ஆயினும் செக்மேட் வரவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது.

இந்த முடிவு ஏன் கடினமானது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். தனி ராஜாவைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளினால் மட்டும் போதாது. மந்திரி செல்லும் நிறத்து மூலைக்குக் கொண்டுவர வேண்டும். இதை அறிந்த எதிராளி எதிர் நிறத்து மூலையிலேயே ஒண்டிக்கொள்வார். அவரை அங்கிருந்து ஓரம் வழியாக நகர்த்திச் செல்லும்போது, ராஜா ஓரத்தை விட்டு வெளியேறித் தப்பிவிடுவதுபோல் ஒரு கணம் தோன்றும். உண்மையில் தப்ப முடியாது. குதிரையும் மந்திரியும் சரியான கட்டங்களில் நின்றால் வலை மூடியே இருக்கும். முறையறியாதவர் அக்கணத்தில் பதறிக் காய்களைப் பின்னிழுப்பார். முழு உழைப்பும் தொடக்கத்துக்கே திரும்பிவிடும்.

இதற்குக் கெடுவும் உண்டு. காசோலைக்கு மூன்று மாத ஆயுள் இருப்பதுபோல, வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் இருதரப்பும் 50 நகர்த்தல்கள் ஆடிவிட்டால் ஆட்டக்காரர் சமன் கோரலாம். யாரும் கோராவிட்டால் 75 ஆனதும் ஆட்டம் தானாகவே சமனாகும். மந்திரி-குதிரை முடிவுக்கு மிகக் கடினமான நிலையிலும் 33 நகர்த்தல்கள் போதும். ஆக, வீணாக்க மிஞ்சுபவை 17 மட்டுமே.

இனி அந்தப் பெற்றோரின் வினாவுக்கு வருவோம். கூடுதல் காய் எப்போதும் வெற்றியாகாது. கையில் ஒரு மந்திரியும் ஓரத்துச் சிப்பாய் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். சிப்பாய் ராணியாக மாற வேண்டிய மூலைக்கட்டம் மந்திரியின் நிறத்தில் இல்லாவிட்டால், எதிராளியின் ராஜா அம்மூலையில் போய் அமர்ந்தாலே போதும். அதை வெளியேற்ற வழியே இல்லை. நெருக்கினால் செக் இல்லாமலே நகர இடமற்றுப்போய் ஆட்டம் சமனாகும். எனவே எந்தச் சிப்பாயை வைத்துக்கொள்வது, எந்த மந்திரியைக் கொடுத்து மாற்றிக்கொள்வது என்பதைக் காய்களை வெட்டிக்கொள்ளும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பல வெற்றிகள் நழுவுவது அந்த அவசர வெட்டில்தான்.

வீட்டில் பயிற்சி தொடங்க ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிரே தனி ராஜாவும் போதும். ராஜா தன் சிப்பாய்க்கு நேர்முன்னே ஆறாம் வரிசையை அடைந்துவிட்டால், ஓரச் சிப்பாய் நீங்கலாக, யார் முறையானாலும் வெற்றி உறுதி. சிப்பாயை முதலில் ஓட்டிவிட்டு ராஜா பின்னால் வந்தால் பெரும்பாலும் சமன். பிள்ளை ஒருமுறை இப்புறமும் ஒருமுறை அப்புறமும் ஆடட்டும். கடிகாரத்தில் நகர்த்தலுக்குப் பத்து வினாடி மட்டும் வையுங்கள்.